நோட்டர் டேமுக்கு நவம்பர்தான் சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பிக் டென், எஸ்இசி என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களும் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டமைப்புகள்) எப்படி ஊதிப் பெருத்தன என்பதை நன்றாகவே சொன்னது. ஆனால் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் சுயேச்சையாக நிற்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியும் பணத்துக்காக ஓரிரு ஆண்டில் பிக் டென்னில் சேர்ந்துவிடும் என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அந்த அணியைப் பணத்தைக் காட்டி நெருக்கிப் பார்த்தாகிவிட்டது, மசியவில்லை. இப்போது நெருக்குவது தேதி. அதோடு, அது சேர முடிவெடுத்தாலும் கையில் இருக்கும் ஒப்பந்தம் பிக் டென் பக்கம் போக விடாது.

தேதிக் கணக்கு இதுதான். வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டம். பிக் டென் அணிகள் அதில் 9 ஆட்டத்தைத் தங்களுக்குள்ளேயே ஆடுகின்றன. எஸ்இசியும் 2026 முதல் 8ஐ 9 ஆக்க முடிவெடுத்துவிட்டது. வெளியாருக்கு மிஞ்சுவது 3. அவற்றையும் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் முடித்துவிடுவார்கள். அக்டோபர் பிறந்தால் எல்லாரும் உள்வீட்டு ஆட்டத்தில் இறங்கிவிடுவார்கள். ஆக, சுயேச்சை அணிக்குச் செப்டம்பரில் எதிராளிக்குப் பஞ்சமில்லை. நவம்பரில் ஆள் பிடிப்பதுதான் பாடு. எஸ்இசி அணிகள் நவம்பரில் ஒரு சோதா அணியைக் கூப்பிட்டு ஆடும் வழக்கம் உண்டு. அந்த இடத்துக்கு நோட்டர் டேமைக் கூப்பிட எந்தப் பயிற்சியாளர் துணிவார்?

நோட்டர் டேமின் 2024 அட்டவணையை எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். எஸ்இசி அணியான டெக்சஸ் ஏ அண்ட் எம்முடன் ஆட்டம் ஆகஸ்ட் 31இல். பிக் டென் அணியான பர்டூவுடன் செப்டம்பர் 14இல். நடுவில் செப்டம்பர் 7இல் நார்தர்ன் இலினாயிடம் சொந்த மைதானத்திலேயே 16-14 என்று தோற்ற அந்த மானக்கேடு. செப்டம்பர் 28 முதல் வரிசை இப்படிப் போகிறது: லூயிவில், ஸ்டான்ஃபோர்டு, ஜார்ஜியா டெக், நேவி, ஃப்ளோரிடா ஸ்டேட், வர்ஜீனியா, ஆர்மி, யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்). இந்த எட்டில் ஐந்து, அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் எனப்படும் ஏசிசியின் அணிகள். மற்ற மூன்றும் பழைய உறவுகள். யுஎஸ்சியுடன் தொடர்பு தொடங்கியது 1926இல், நேவியுடன் 1927இல். அந்த ஐந்து ஏசிசி ஆட்டங்களை எடுத்துவிட்டால் சீசனின் பின்பாதி பொக்கை வாய்தான்.

அந்த ஐந்தும் சும்மா வரவில்லை. 2012இல் பழைய பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் உடைந்துகொண்டிருந்தது. நோட்டர் டேமின் கூடைப்பந்து முதலான மற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை அப்போது அங்கேதான் இருந்தன. அவற்றுக்கு ஒரு வீடு வேண்டும், நவம்பருக்கு எதிராளி வேண்டும், ஃபுட்பாலை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஏசிசி ஒப்புக்கொண்டது. பதிலுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து ஃபுட்பால் ஆட்டம். மற்ற ஆட்டங்கள் 2013இல் ஏசிசிக்குப் போயின, ஐந்து ஃபுட்பால் ஆட்டம் என்ற ஏற்பாடு 2014 முதல். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஏசிசி ஊர்களில் முணுமுணுப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 2023இல் ஸ்டான்ஃபோர்டையும் கலிஃபோர்னியாவையும் எஸ்எம்யூவையும் சேர்ப்பதா என்று ஏசிசி வாக்கெடுத்தபோது, ஃபுட்பாலில் உறுப்பினரே இல்லாத நோட்டர் டேமுக்கும் ஒரு வாக்கு இருந்தது. சேர்க்கச் சொல்லிப் போட்டது. போகிற போக்கில் இதையும் சொல்லிவிடலாம்: ஏசிசியில் ஐஸ் ஹாக்கி கிடையாது என்பதால் நோட்டர் டேமின் ஆண்கள் ஹாக்கி அணி 2017 முதல் பிக் டென்னில்தான் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஒரு கூரை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையாளர் தவறவிட்ட வரி இந்த ஏசிசி ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2036 வரை நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தாலும் அது ஏசிசியாகத்தான் இருக்க வேண்டும். யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் 2022 ஜூன் 30இல் பிக் டென்னுக்குத் தாவியபோதும், 2023 ஆகஸ்டில் ஆரிகனும் வாஷிங்டனும் பின்தொடர்ந்து பிக் டென் 18 பல்கலைக்கழகமானபோதும் 'அடுத்தது நோட்டர் டேம்' என்று எழுதியவர்கள் இந்த வரியைப் படித்த மாதிரியே தெரியவில்லை. உடைக்கவே முடியாத பூட்டு என்று சொல்ல மாட்டேன். ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏசிசி மீது வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசம் செய்து, வெளியேறும் கட்டணத்தை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்படி மாற்ற வைத்தன. 2025-26இல் 16.5 கோடி டாலர், ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030-31இல் 7.5 கோடி. 2025-26இல் விலகுவதைவிட ஐந்தாண்டு கழித்து விலகுவது பாதிக்கும் கீழான செலவு.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1991 முதல் நோட்டர் டேமின் சொந்த மைதான ஆட்டங்களை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. இப்போதைய ஒப்பந்தம் 2029 வரை. பிக் டென் 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் செய்த ஏழாண்டு ஒப்பந்தம் சுமார் 700 கோடி டாலர். பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு என்று பிரித்தால் பிக் டென் பங்குதான் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் சீசன் முடிவில் 12 அணிகள் பட்டத்துக்கு மோதும் பிளே-ஆஃப் சுற்றின் பணத்தில் கணக்கு திரும்புகிறது. 2024 சீசனில் உள்ளே நுழைந்ததற்கு 40 லட்சம் டாலர், காலிறுதிக்கு 40 லட்சம், அரையிறுதிக்கு 60 லட்சம், இறுதிக்கு 60 லட்சம் என்று நோட்டர் டேமுக்கு 2 கோடி வந்தது. பங்காளி இல்லாததால் முழுவதும் அதற்கே. இறுதியில் அதை 34-23 என்று வென்ற ஒஹையோ ஸ்டேட்டின் 2 கோடி, பிக் டென்னின் பொதுக் கணக்குக்குப் போனது.

சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கூச்சல் உச்சத்துக்குப் போனது 2025 டிசம்பர் 7இல். முதல் இரண்டு ஆட்டத்தையும் மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று தோற்று, பிறகு பத்தையும் வரிசையாக வென்ற நோட்டர் டேம், தேர்வுக் குழுவின் தரவரிசையில் 11ஆம் இடத்தில் நின்றும், உயர்ந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்ததால், 12 அணி பிளே-ஆஃபுக்கு வெளியே போனது. முந்தைய வாரம் மயாமிக்கு மேலே இருந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த பிஒய்யூ, தன் கான்ஃபரன்ஸான பிக் 12இன் இறுதியில் தோற்றுக் கீழே சரிந்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. நேருக்கு நேர் முடிவைப் பார்த்து மயாமியை ஏற்றிவிட்டார்கள். கான்ஃபரன்ஸ் இறுதி என்ற 13ஆவது ஆட்டம் இல்லாததால்தான் இந்த அடி என்கிறார்கள். அந்த 13ஆவது ஆட்டம்தான் பிஒய்யூவைக் கவிழ்த்தது என்பதை யாரும் பேசுவதில்லை. ஏசிசியில் முழுதாகச் சேர்ந்திருந்தால் மட்டும்? அந்த ஆண்டு ஏசிசி பட்டம் வென்ற டியூக்கே பிளே-ஆஃபுக்கு வரவில்லை. ஐந்து தோல்வியோடு நின்ற அதை முந்திக்கொண்டு, உயர்ந்த ஐந்து சாம்பியன்களுக்கான கடைசி இடத்தை ஜேம்ஸ் மேடிசன் எடுத்துக்கொண்டது.

2026 சீசனிலிருந்து, தரவரிசையில் முதல் 12 இடத்துக்குள் வந்தால் நோட்டர் டேமுக்கு இடம் உறுதி என்று ஏற்கெனவே எழுதி வாங்கிவைத்திருந்ததும் அந்தக் களேபரத்தில்தான் பலருக்கும் தெரிந்தது. மற்றவர்களின் எரிச்சல் புரிகிறது. ஓராண்டு முன்னால் அமலுக்கு வந்திருந்தால் அந்த 11ஆம் இடமே போதும்.

உண்மையான நெருக்கடி வேறு வடிவில் வரலாம். 2025இல் பிக் டென் தரப்பு முன்வைத்த 16 அணித் திட்டத்தில் பிக் டென்னுக்கு 4, எஸ்இசிக்கு 4, ஏசிசிக்கும் பிக் 12க்கும் தலா 2, மற்ற கான்ஃபரன்ஸ்களுக்குச் சேர்த்து 1 என்று 13 இடத்தை முன்கூட்டியே பங்கு போட்டுவிடுவார்கள். மிச்சம் 3. உறுதிமொழி இல்லாமல் அந்த மூன்றுக்குள் ஆண்டுதோறும் இடம் பிடிப்பது நோட்டர் டேமுக்கும் லேசில்லை. அழைப்புக் கடிதம் அனுப்பிப் பயனில்லை என்பதை பிக் டென் 1999 பிப்ரவரியிலேயே தெரிந்துகொண்டது. நோட்டர் டேமின் அறங்காவலர்கள் அப்போதே கதவைச் சாத்தினார்கள். பிஒய்யூ 2023இல் பிக் 12க்குப் போனது, ஆர்மி 2024இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் போனது, யுமாஸ் 2025இல் மிட்-அமெரிக்கனுக்குப் போனது. சுயேச்சையாக மிஞ்சியது நோட்டர் டேமும் யுகானும்தான்.

சேர்ந்தால் அட்டவணை என்ன ஆகும் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். ஏசிசியில் 9 ஆட்டம் ஆடி, நேவி, யுஎஸ்சி இரண்டோடும் ஆட நினைத்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. பிக் டென்னில் யுஎஸ்சியை உள்கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம், நேவி போக இரண்டு மிஞ்சும். தேதியை மட்டும் பார்த்தால் பிக் டென்தான் கொஞ்சம் வசதி. ஆனால் சொந்த மைதான ஒளிபரப்பு உரிமை கான்ஃபரன்ஸிடம் போய்விடும். கோவிட் ஆண்டான 2020இல் இதற்கு ஒத்திகையே நடந்தது: ஏசிசியில் 9 ஆட்டம், என்பிசி பணத்தில் எல்லாருக்கும் பங்கு, இறுதியில் கிளெம்சனிடம் 34-10 தோல்வி. அடுத்த ஆண்டே பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

எனவே 'ஓரிரு ஆண்டில்' என்பதற்குப் பதில், என்பிசி ஒப்பந்தம் 2029இல் முடிவதையும், பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2029-30இல் முடிவதையும், ஏசிசியின் வெளியேறும் கட்டணம் 2030-31இல் தரை தட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்