முகவரி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, அந்நோய் உடலையும் மனத்தையும் எப்படிக் குலைக்கிறது என்பதைப் பொறுப்போடு விளக்கியிருந்தது. ஆனால், 'ஆதரவுக் குழுக்களில் சேர்ந்து பயன்பெறலாம்' என்ற வரியோடு அது முடிந்துவிட்டது. குடியிலிருந்து மீண்டுவரும் ஒருவர் என்ற முறையில் சொல்கிறேன்: வாசகருக்குத் தெரியவேண்டியவை அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. குழு எங்கே கூடுகிறது, உள்ளே போனதும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களா, தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே பலர் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறார்கள்.

முகவரியைக் கொடுத்தாலே போதும் என்று நினைப்பதும் சரியல்ல. 1981இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆதரவுக் குழுக் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, போய்வருமாறு ஊக்கப்படுத்தினார்கள். மற்றப் பிரிவினரையோ, அவர்கள் முன்னிலையிலேயே ஆலோசகர், குழு உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவரோடு பேசவைத்தார். அந்த உறுப்பினர் கூட்டத்துக்குத் தாமே துணைவருவதாகச் சொன்னார். முதல் பிரிவில் ஒருவர்கூடக் கூட்டத்துக்குப் போகவில்லை. துணை கிடைத்த பிரிவில் அனைவரும் போனார்கள். கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே என்றாலும், குடிநோயாளியின் தயக்கத்தை அறிந்த எவரும் இம்முடிவைக் கண்டு வியக்கமாட்டார்கள்.

குடிநோயிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கமே இப்படித் துணை தேடியதில்தான் பிறந்தது. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், குடியை விட்டிருந்த பில் வில்சன், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற அச்சத்தில் மற்றொரு குடிநோயாளியைத் தேடி, பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். அந்த உரையாடலிலிருந்து வளர்ந்ததே இன்று பல நாடுகளில் நடைபெறும் ஏ.ஏ. கூட்டங்கள். அவற்றின் இடத்தையும் நேரத்தையும் இயக்கத்தின் இணையதளத்திலோ தொலைபேசி உதவி எண்ணிலோ அறியலாம். போதை மீட்பு மையங்களிலும் மனநல மருத்துவரிடமும் கேட்கலாம். கூட்ட நேரங்கள் மாறக்கூடியவை என்பதால், பட்டியலில் பார்த்ததை மட்டும் நம்பிப் புறப்படாமல் முதலில் தொலைபேசியில் பேசி, 'நான் புதியவர், வாசலில் யாராவது என்னைச் சந்திக்க முடியுமா?' என்று கேட்பது நல்லது. எதிர்முனையில் பேசுபவரும் பெரும்பாலும் குடியை விட்டவராகவே இருப்பார்.

கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் நண்பர்களும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டும் உரியது. கட்டணம் கிடையாது. இறுதியில் உறுப்பினர்கள் தம்மால் இயன்றதைச் செலவுக்குத் தருவார்கள். புதியவர் எதுவும் தரவேண்டியதில்லை. முழுப்பெயரைக் கேட்பதில்லை, 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்று சொல்லிவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்லமாட்டார், அங்கே கேட்டதை வெளியே பேசவும்மாட்டார். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிட வேண்டாம் என்று புதியவர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசி எண்கள் கைமாறுவதும், பின்னாளில் ஸ்பான்சராக நின்று வழிகாட்டப்போகும் ஒருவர் அறிமுகமாவதும் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடங்களில்தான்.

முதலில் போன குழு மனத்துக்கு ஒட்டவில்லையென்றால் வேறொரு குழுவுக்குப் போகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் தனி இயல்பு உண்டு. ஏ.ஏ. கூட்டங்களில் வரும் இறைவனைப் பற்றிய பேச்சு பொருந்தாதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற, உளவியல் முறைகளைச் சார்ந்த குழுக்களும் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையையும் தவறாமல் அச்சிடவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், அடுத்த சில நாட்களுக்குள் வலிப்போ உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமோ வரக்கூடும். அத்தகையவர் குடியை நிறுத்தும் முன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றாகாது.

குடும்பத்தினரையும் மறந்துவிட வேண்டாம். குடிநோயாளியின் உறவினருக்கும் நண்பர்களுக்குமான அல்-அனான் குழுக்கள் 1951 முதல் இயங்குகின்றன. குடிப்பவர் வர மறுத்தாலும், அவருடைய மனைவியோ கணவரோ பெற்றோரோ தாமாகவே அங்கே போகலாம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் பல ஆண்டுகளாக மனத்துக்குள் அடக்கிவைத்ததை அங்கே முதன்முறையாக வாய்விட்டுச் சொல்பவர்கள் பலர்.

இனி இத்தகைய கட்டுரைகள் வரும்போது, உதவி எண்களையும், துணைக்கு ஒருவரைக் கேட்கலாம் என்ற குறிப்பையும், மருத்துவ எச்சரிக்கையையும் சேர்த்து, கண்ணில் படும் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எண்களை ஒவ்வொரு முறையும் அழைத்துச் சரிபார்த்த பிறகு அச்சிடுங்கள். அச்சில் பெயரை வெளிப்படுத்தாதிருப்பது எங்கள் கூட்டங்களின் மரபாதலால், என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்