பூ எடுக்கிற நேரத்தைச் சொல்லித் தந்தவர்களுக்கு

திருமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் அக்காமாருக்கும் பாட்டிமாருக்கும் வணக்கம்.

சர்க்கரையும் பிரஷரும் உள்ள பெண்கள் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசிக் கேட்பதுதான் எங்கள் ஆய்வு. கடைசி நேர்காணலும் போன வாரம் முடிந்தது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த மடலில் எல்லோரும் வெறும் அக்கா, அண்ணன்தான். யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். வந்தது நான்கு பேர். நால்வருமே மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறவர்கள். அங்கே வராதவர்களைத் தேடி அங்கேயே நோட்டீஸ் ஒட்டிய புத்தியை என்ன சொல்ல! அண்ணன்தான் கேட்டார்: "பத்து மணிக்கு வந்து ஆளக் காணோம்ங்கிறீங்க. அவுக விடிய மூணு மணிக்கே தோட்டத்துக்குப் போயிருவாகளேம்மா?"

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டில் எடுத்தால்தான் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு நேரத்தில் போய்ச் சேரும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எத்தனையோ கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அதை எடுக்கிறவர்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று தெரியாமலே.

எடை போடும் அண்ணன், வேலை முடிந்ததும் பேசிக்கொள்ளத் தன் கொட்டகையைக் கொடுத்தார். அப்புறம் ஆட்கள் வந்தார்கள். ஆனால் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஏன் என்று எனக்கு உடனே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. நர்சம்மா தனியாகக் கூப்பிட்டு, "அவுகள இங்க வரச் சொல்லாதீங்க, நீங்க அங்க போங்க" என்றார். போனோம். புளியமரத்தடியில் பாய் விரித்து, எங்களுக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பையும் வைத்தீர்கள்.

சம்மதப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கம் சுத்தத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்து, கீழே கையெழுத்துக் கேட்டோம். ஓர் அக்கா பேனாவைத் தொடவே இல்லை. "கையெழுத்துன்னா குழுக் கடன்தான் ஞாபகத்துக்கு வருது. இந்தத் தாள வீட்டுல வச்சா எவ்வளவு வாங்குனேன்னு அவரு கேப்பாரு" என்றார். மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையை நிறுத்திவிடுவார்களோ என்று இன்னொருவர் பயந்தார். எழுதத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன; எழுதத் தெரிந்தும் பயப்படுகிறவருக்கு என்ன செய்வது? ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் திரும்பப் போய், சம்மதத்தை வாய்மொழியாகப் பதிவு செய்ய அனுமதி வாங்கினோம். படிவத்தை உங்கள் பேச்சிலேயே திருத்தி எழுதி, சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டிய கல்லூரித் தங்கைக்குத் தனி நன்றி.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் அக்காவிடம் சர்க்கரை உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டேன். தர மாட்டேன் என்றுவிட்டார். தானே போய்க் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் எங்களிடம் அனுப்பினார். அந்த மறுப்புக்குத்தான் அவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

எங்கள் கேள்வித்தாளில் இல்லாத ஒன்றை மூன்றாவது நேர்காணலிலேயே ஓர் அக்கா எடுத்துப் போட்டார். "மூணு மணிக்கு வரக்காப்பி. சோறு பதினோரு மணிக்கு. காலைல சாப்பாட்டுக்குப் பின்னாடின்னா, எந்தச் சாப்பாட்டுக்கு?" அதற்குப் பிறகு எல்லோரிடமும் அதைத்தான் முதலில் கேட்டோம்.

அரை நாள் கூலியும் ஆட்டோ காசும் கொடுத்தோம். சிலர் வாங்கத் தயங்கினீர்கள். அது உங்கள் நேரத்துக்கான காசு, உபகாரம் இல்லை. பேச விருப்பமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மூன்று பேருக்கும் நன்றி. மற்றவர்கள் மனசார வந்தார்கள் என்று நான் நம்புவதே உங்களால்தான்.

மார்கழியில் பூ குறைந்ததும் வருகிறோம். எழுதியதை வாசித்துக் காட்டுவோம், தப்பு இருந்தால் அங்கேயே திருத்துங்கள். அன்றைக்கு டீ எங்கள் செலவு. அண்ணன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டுக்காரம்மா