கிளை நூலகத்தில் மாதந்தோறும் ஊர் வரலாற்று உரை நடத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
கிளை நூலக வாசகர் வட்டத்தார்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: தாமிரபரணிக் கரையிலுள்ள கிளை நூலகங்களில் மாதம் ஒரு முறை ஊர் வரலாற்று உரை நடத்தவும், 2023 வெள்ளம் பற்றிய மக்களின் நினைவுகளைப் பதிவு செய்து நூலகத்தில் வைக்கவும் அனுமதியும் உதவியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளையும் ஊர் ஒன்றின் கிளை நூலக வாசகர்கள் நாங்கள். எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், விவசாயிகள் இருக்கிறார்கள், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும், பிள்ளைகளைக் கதைப் புத்தகம் எடுக்க அழைத்து வரும் தாய்மார்களும் இருக்கிறார்கள். நாங்கள் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ கேட்டு வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம், எங்கள் நூலகத்தில் எங்கள் ஊர்களின் வரலாற்றைப் பற்றி ஒருவர் பேசவும் மற்றவர்கள் கேள்வி கேட்கவும் முறையான அனுமதி வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

இந்தக் கோரிக்கை எதனால் எழுந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையோரம் இருக்கும் ஆதிச்சநல்லூர் பறம்பில், அதாவது பழங்கால மக்களின் புதைமேட்டில், 1876ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. நூறு ஆண்டுகள் கழித்து, 2004-05இல் மறுபடியும் தோண்டினார்கள். அந்த அகழாய்வின் மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக் கணிப்புகள் கிடைத்த செய்தி 2019இல்தான் வெளியே வந்தது. பொருள்கள் போனதைக் குறையாகச் சொல்லவில்லை; அவை பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பறம்பை நாள்தோறும் பேருந்தில் கடந்து போகும் எங்களுக்கு, அங்கே என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள் என்பதை எங்கள் மொழியில் நேருக்கு நேர் சொல்ல நெடுங்காலம் எந்த இடமும் இருந்ததில்லை. எங்கள் காலடியில் நடந்ததை நாங்கள் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

சிவகளையின் கதை வேறு விதம். அங்கே பறம்பில் கிடந்த பானையோடுகளைக் கவனித்து, இது சாதாரண மேடு அல்ல என்று தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தியவர் இந்த வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். 2020இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. இறந்தோரைப் புதைத்த பெரிய மண்பானையான தாழி ஒன்றில் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அங்கு கிடைத்த இரும்பு ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையானது என்ற அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது. உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பானையோட்டைப் பார்க்கத் தெரிந்திருந்ததால் இவ்வளவும் நடந்தது. அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது உருவாக வேண்டாமா? அதற்குப் பள்ளிப் பாடம் மட்டும் போதாது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரக் கூடிய இடம் வேண்டும். எங்கள் ஊர்களில் சாதி, சமயம், கட்சி எதுவும் கேட்காமல் யாரும் உள்ளே நுழையக் கூடிய கூரை நூலகம் ஒன்றுதான்.

நாங்கள் ஒரு முறை முயன்றும் பார்த்தோம். கால்வாய் வேலையில் வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவரை அழைத்து, மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகிய கால்வாய்களில் முன்பு தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்று பேசச் சொன்னோம். இருந்த நாற்காலிகளைவிட ஆட்கள் அதிகம். பலர் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். கடைமடைக்காரர்களுக்கும் தலைமடைக்காரர்களுக்கும் பழைய வழக்கு ஒன்று அங்கேயே மறுபடி கிளம்பி, சிரிப்பிலேயே முடிந்தது. ஆனால் தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் எழுந்து போக வேண்டியதாயிற்று. அது எங்கள் தவறு. அதன் பிறகு, கூட்டம் நடத்த மேலிடத்து எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று சொல்லப்பட்டது. கடிதம் கொடுத்தோம், நினைவூட்டல் கடிதமும் கொடுத்தோம், இதுவரை ஆம் என்றோ இல்லை என்றோ பதில் இல்லை. நூலகர் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. தனி ஆளாகப் புத்தகம் வழங்கி, பதிவேடு எழுதி, கூட்டித் துடைத்துக் கதவையும் பூட்டும் ஒருவர், அனுமதி இல்லாமல் பொறுப்பேற்கத் தயங்குவது நியாயமே.

இது நூலகத்தின் வேலைதானா என்ற கேள்வி எழக் கூடும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலக ஆணைக்குழுக்களின் அதிகாரங்களைச் சொல்லும் இடத்தில், சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வதையும் சேர்த்தே சொல்கிறது. எனவே நாங்கள் கேட்பது புதிய சலுகை அன்று. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் என்ற முறையில், சட்டம் ஏற்கெனவே திறந்து வைத்த கதவைப் பயன்படுத்திக்கொள்ளவே கேட்கிறோம். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழாவில் கட்டுரைப் போட்டியும் ஓவியப் போட்டியும் நடக்கின்றன, பரிசும் கொடுக்கிறார்கள், நல்லதே. ஆனால் அந்த ஒரு வாரம் முடிந்தால் அடுத்த நவம்பர் வரை நூலகம் மௌனமாகிவிடுகிறது.

எங்கள் இரண்டாவது கோரிக்கையை அவசரமானதாகக் கருதுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆறும் குளங்களும் உடைந்து ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளை அடித்துச் செல்லப்பட்டிருந்தது. பக்கத்து ஊர் மக்கள் தங்களுக்கே இல்லாத நிலையில் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்த முதியவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, எந்தக் குளம் முதலில் உடைந்தது, தண்ணீர் எந்தத் தெரு வழியாக வந்தது, எந்த மேட்டில் மாடுகளைக் கட்டினார்கள் என்று துல்லியமாகச் சொல்கிறார்கள். அந்தச் செய்திகள் எந்த அறிக்கையிலும் இல்லை. அடுத்த வெள்ளத்தில் உயிர் காக்கக் கூடியவை அவைதான். சொல்லக் கூடியவர்களோ ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். எனவே உரை நடக்கும் நாள்களில் இவர்களைப் பேச வைத்து, அவர்களின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் படியெடுத்து நூலகத்தில் வைக்க விரும்புகிறோம். படியெடுக்கும் வேலையை எங்கள் இளைஞர்கள் செய்வார்கள். பதிவுகளை எந்த வடிவில், யார் பொறுப்பில் வைப்பது என்பதை மாவட்ட நூலக அலுவலர் வகுத்துத் தந்தால் போதும்.

உரையாற்ற ஆள்களுக்குப் பஞ்சம் இல்லை. அழைக்கும் தகுதிதான் எங்களுக்கு இல்லை. வாசகர் வட்டத்தின் கடிதத்துக்கு வராதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தின் கடிதத்துக்கு வருவார்கள். தொல்லியல் துறையினர், நீர்வளத் துறைப் பொறியாளர்கள், பல்கலைக்கழக, கல்லூரி வரலாற்றுத் துறையினர், ஓய்வுபெற்ற கல்வெட்டறிஞர்கள் ஆகியோர் ஆண்டுக்கு ஒரு மாலையை எங்கள் வட்டார நூலகங்களுக்கு ஒதுக்குமாறு தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். பேசப் பொருளும் குறைவில்லை. பாண்டியரின் துறைமுகமான கொற்கையில் இன்று கடல் ஏன் இல்லை என்பது ஒன்று. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்து பத்துப்பாட்டு ஏட்டைக் கண்டெடுத்தது இன்னொன்று. குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டத்தில் அவர் தமிழைப் பற்றி ஒரு மாலை பேசலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையைப் பற்றிக் கொடிக்கால் விவசாயியே பேசலாம். பேராசிரியர்தான் பேச வேண்டும் என்பதில்லை.

ஒரு ஐயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஊர் வரலாறு என்ற பெயரில் தத்தம் சாதியின் பெருமையை மட்டும் பேசும் கூட்டங்கள் இந்த மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. எங்கள் உரைகள் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் எங்களுக்கும் கவலை உண்டு. ஆகவே பேசுகிறவர் எந்தக் கல்வெட்டு, எந்த ஆவணம், யாருடைய நேரடி நினைவு என்று ஆதாரம் சொல்லியே பேச வேண்டும், கேட்பவர்கள் மறுத்துக் கேட்க நேரம் தர வேண்டும், பேசுபொருளை ஒரு மாதம் முன்பே நூலகரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதிகளை நாங்களே ஏற்கிறோம். இன்னொன்று: 2022இல் ஆதிச்சநல்லூரில் பொன் பட்டம் கிடைத்த செய்தி வந்ததிலிருந்து, பறம்பில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு டீக்கடைகளில் ஓயவில்லை. தாழியைக் கண்டால் உடைக்காமல் தகவல் சொல்ல வேண்டும் என்பதைத் தடை அறிவிப்புப் பலகையைவிட ஒரு மாலை உரை நன்றாகப் புரிய வைக்கும்.

இவற்றோடு, ஒரு அலமாரியை ஊர் வரலாற்றுக்கென ஒதுக்கி, கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, 1917ஆம் ஆண்டின் திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர், தொல்லியல் துறையின் அகழாய்வு வெளியீடுகள், இவ்வட்டாரக் கல்வெட்டுத் தொகுதிகள் ஆகியவற்றின் படிகளை வாங்கி வைக்கவும் வேண்டுகிறோம். 1986 வரை நாம் திருநெல்வேலி மாவட்டமாக இருந்ததால், பழைய நூல்களைத் தேடுவோர் இன்றும் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

செலவு பெரிதன்று. மடக்கு நாற்காலிகள், ஒரு ஒலிபெருக்கி, ஒலிப்பதிவுக் கருவி, பேச வருபவரின் பயணப்படி ஆகியவையே தேவை. தேநீரையும் இடத்தைச் சுத்தம் செய்வதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரமும் அருகிலுள்ள பள்ளியில் ஒரு வகுப்பறையைத் திறந்து தர உத்தரவிட்டால், முன்பு நேர்ந்த இடையூறு மறுபடி நேராது. நூலகருக்கு அன்றைய கூடுதல் நேரத்தை ஈடுசெய்யும் விடுப்பும் வழங்க வேண்டும்.

அனுமதி கிடைத்தால் முதல் உரையை வரும் டிசம்பர் மாதம், வெள்ளத்தின் நினைவு நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை நடத்த எண்ணியுள்ளோம். அன்று பேச மூன்று பெரியவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள்; மூவருக்கும் வயது எண்பதுக்கு மேல். ஆகவே இம்மனுவின் மீதான ஆணையை நவம்பர் இறுதிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக வாசகர் வட்டத்தார்
(உறுப்பினர்களின் கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மாவட்ட நூலக அலுவலர், தூத்துக்குடி.