ஆண்டுக்கு எத்தனை நூல் என்ற கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-ஆம் ஆண்டில் தாம் படித்து முடித்த நூல்கள் எத்தனை என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்ததைச் சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் கண்டேன். ஒருவர் அறுபது என்கிறார், இன்னொருவர் எண்பது என்கிறார், நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியவரும் உண்டு. புத்தகக் காட்சிக் காலத்தில் வெளியாகும் இத்தகைய பட்டியல்கள் சிலரையாவது படிக்கத் தூண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இதே கணக்கில் ஓராண்டு முழுவதும் அகப்பட்டுக் கிடந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி 2023-இல் ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தில் என் வாசிப்பு வார இதழ்களோடு நின்றுபோயிருந்தது. 2024 புத்தாண்டு அன்று என் மகள் என் கைப்பேசியில், படித்த நூல்களைக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் செயலியை ஏற்றி, வாரத்துக்கு ஒன்று வீதம் 52 நூல்கள் என்று ஓர் இலக்கையும் பதிந்து கொடுத்தாள். அந்த இலக்கு மட்டும் இல்லாதிருந்தால் அவ்வாண்டின் மாலைப் பொழுதுகள் தொலைக்காட்சித் தொடர்களிலேயே கரைந்திருக்கும் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கிளை நூலகத்துக்கு நாள்தோறும் நடந்து போகும் வழக்கமும் அதனால்தான் வந்தது.

ஆகஸ்டு மாதம் பூமணியின் 'அஞ்ஞாடி' நாவலை எடுத்தேன். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நூலில் இருநூறு பக்கங்கள் போனபின் கைப்பேசியைப் பார்த்தால், திட்டத்துக்குப் பின்தங்கியிருக்கிறீர்கள் என்ற அறிவிப்பு வந்து நின்றது. செப்டம்பர் முடிவில் 39 நூல்கள் ஆகியிருக்க வேண்டிய இடத்தில் 31 மட்டுமே ஆகியிருந்தன. நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று முதல், அலமாரியில் நூலின் பெயரைப் படிப்பதற்கு முன் அதன் தடிமனைக் கண்ணால் அளக்கும் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. எண்பது பக்கச் சொற்பொழிவுத் தொகுப்பு, வீட்டு வைத்தியக் குறிப்புகள், பேரனுக்காக எடுத்த சிறுவர் கதை என்று எதையும் விடாமல் கணக்கில் சேர்த்து, டிசம்பர் 30-ஆம் தேதி இரவு 52-ஐ எட்டினேன். மகள் வாழ்த்து அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, நூற்பெயர்களை எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் புரட்டினேன். கடைசி மூன்று மாதங்களில் முடித்த 21 நூல்களில் ஒன்பதைப் பற்றி, பெயரைத் தவிர எனக்கு ஒன்றுமே நினைவில்லை. ஒன்றின் பெயரைப் பார்த்துவிட்டு, இதை நான் படித்தேனா என்றே ஐயப்பட்டேன். தபால் பையைத் திறந்து பார்க்காமலேயே முத்திரை குத்தி அனுப்பியது போன்ற வேலை அது. பணியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

ஆகவே 2025-க்கு எண் எதுவும் வைக்காமல், விட்ட இடத்திலிருந்து 'அஞ்ஞாடி'யைத் தொடர்ந்தேன். நூலகத்தில் புதுப்பித்துப் புதுப்பித்துப் படித்து முடிக்கப் பதினொரு வாரங்கள் ஆயின. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி என் பாட்டி, தான் தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொன்ன துண்டு துணுக்குகளும், கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டவையும் அந்நாவலில் கோவையாக வந்தபோது, பல நாள் பத்துப் பக்கங்களுக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. ஆண்டி, மாரி என்ற இருவரின் நட்பைப் பற்றி இன்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்து உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் அவர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோன நூல். அதில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அறிந்திருந்தும், இம்முறை அது என்னையே பார்த்துச் சொன்னது போலிருந்தது. 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீப் என்னும் நீதிபதியாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று இனம் இனமாக அடுக்குகிறார் ஐயர். இளைஞர் ஒருவர் தம் ஆசிரியரிடம் உழைத்துக் கற்ற செல்வம் அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முதலியாரோ சற்றும் வியக்காமல், இவற்றைப் படித்து என்ன பயன், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய ஐயரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. ஏழு ஆண்டுகள்! குட்ரீட்ஸ் கணக்கில் அது ஒரே ஒரு நூல்தான்.

பருமனான நூலே உயர்ந்தது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். கடந்த ஆண்டு என்னிடம் மிக அதிக நாட்களை வாங்கிக்கொண்டது குறுந்தொகைதான். அதில் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்குபவை. பொருள் விளங்க உரையோடு, காலையில் ஒரு பாடல் என்று வைத்துக்கொண்டேன். 167-ஆம் பாடலில், கட்டித் தயிரைப் பிசைந்த விரலோடு, அழுக்கான சேலையை மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏறத் துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடி. அதை நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்ட என் மனைவி, "அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அன்றைக்கு அடுத்த பாடலுக்குப் போகும் எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, வரும் ஆண்டிலும் வாசகர்களின் பட்டியலை வெளியிடுங்கள். எத்தனை என்று கேட்கும் இடத்தில், படித்தவற்றில் ஏதேனும் ஒரு நூலைப் பற்றிப் பத்து வரி எழுதுமாறு கேளுங்கள். பாதியில் நிறுத்திய நூல் எது, ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்கலாம். அதற்கு வரும் பதில்கள் இன்னும் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு படித்த அன்பரிடமிருந்து அப்படிப் பத்து வரி வந்தால் ஆவலோடு படிப்பேன். என்னைப் போல் அல்லாமல் அவருக்கு அத்தனையும் நினைவிருக்கவும் கூடும்.

என் 2025-ஆம் ஆண்டுக் கணக்கு, முடித்தவை பதினான்கு. குறுந்தொகை அதில் சேராது. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். ஆண்டுக்கோ 365 நாட்கள்தான். அதிலும் நான்கு நாட்கள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். டிசம்பர் 31 அன்று நாற்பது பாடல்கள் மிச்சமிருந்தன. இடையில் தடங்கல் எதுவும் நேராவிட்டால் பிப்ரவரி 9-ஆம் தேதி முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை.
6.1.2026