நாப்பத்திமூணாம் நம்பர் டிஷ்

பாப்பா,

சனிக்கிழமை நீங்க கான்பெரா பக்கத்துல இருக்குற டிட்பின்பில்லா போயிட்டு வந்து அனுப்புன போட்டோவ நானும் அம்மாவும் எத்தனை தடவ பாத்தோம்னு கணக்கே இல்ல. அம்மா, குட்டி ஸ்வெட்டர் பட்டன் போடாம நிக்கிறான்னு சத்தம் போட்டுட்டு இருந்தா. நான் அவன் முதுகுக்குப் பின்னாடி நிக்கிற டிஷ்ஷ பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்தேன். சாயங்காலம் வீடியோ கால்ல "தாத்தா, வேற நட்சத்திரத்துக்கு நாம எப்ப போவோம்"னு கேட்டான் பாரு, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு, அப்புறம் நீயும் டூட்டிக்குக் கெளம்பிட்ட. ரெண்டு நாளா அந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. போன்ல சொன்னா முழுசா வராது, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் போகும், டூட்டி முடிஞ்சு டீ குடிக்கிறப்ப படிச்சுட்டு அவனுக்கு உன் வாயால சொல்லு.

மொதல்ல அந்த டிஷ். தூரத்துல போற விண்கலங்களோட பேசுற ஆன்டெனா அது, டிஎஸ்எஸ் 43னு பேரு, 70 மீட்டர் அகலம். மொதல்ல 64 மீட்டராத்தான் இருந்துச்சு, நாசாவோட வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனத் தாண்டப் போகுதுன்னு 1987ல பெருசு பண்ணாங்க. இந்த மாதிரி 70 மீட்டர் டிஷ் கலிபோர்னியா பக்கம் கோல்ட்ஸ்டோன்ல ஒண்ணு, ஸ்பெயின்ல மேட்ரிட் பக்கம் ஒண்ணு இருக்கு, ஆனா வாயேஜர் 2க்கு உத்தரவு அனுப்பணும்னா உலகத்துலயே உங்க ஊர் டிஷ் ஒண்ணாலதான் முடியும். ஏன்னா 1989 ஆகஸ்ட்ல அது நெப்டியூனோட வடதுருவத்துக்கு மேலாக்க போய், ட்ரைட்டான்ங்கிற அதோட நிலாவப் பாக்குறதுக்காக திரும்புச்சு, அந்தத் திருப்பத்துல அதோட பாதையே தெக்க பாத்துச் சாஞ்சு போச்சு. அப்படியே தெக்க போய்ப் போய், இப்ப வடக்க இருக்கிற டிஷ் எதுக்கும் அது கண்ணுல படாது. இப்ப அந்தப் பிள்ள பேசணும்னா கான்பெரா மூலமாத்தான் பேசணும். நீ வீட்டுல இருந்து முக்கா மணி நேரம் கார்ல போயிட்டு வந்த எடம் அதும்மா.

எந்த டிஷ் எந்த விண்கலத்தோட பேசிட்டு இருக்குன்னு நாசா ஒரு பக்கத்துல நேரலையா காட்டுவாங்க, சின்னச் சின்ன டிஷ் படம் போட்டு, சிக்னல் போகுதா வருதான்னு கோடு ஓடும். நீ அங்க போன நாள்ல இருந்து ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி நான் அதத் தெறந்து கான்பெரா வரிசைய ஒரு தடவ பாத்துட்டுத்தான் படுப்பேன். உங்கிட்ட இத சொன்னதே இல்ல.

2023 ஜூலை 21ஆம் தேதி வாயேஜர் 2க்கு அனுப்புன கட்டளைல ஒரு தப்பு நடந்து போச்சு, அதோட ஆன்டெனா பூமியப் பாக்காம 2 டிகிரி வெலகிடுச்சு. 2 டிகிரிதான். ஆனா அது இருந்தது 1990 கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அவ்வளவு தூரத்துல 2 டிகிரி வெலகுனா பேச்சு மொத்தமா நின்னுடும். வருஷத்துல சில தடவ அது தானா பூமியப் பாத்துத் திரும்பிக்கிற மாதிரி முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க, அடுத்தது அக்டோபர் 15. அது வரைக்கும் காத்திருப்பாங்கன்னுதான் நான் நெனச்சேன். ஆகஸ்ட் ஆரம்பத்துல லேசா ஒரு கேரியர் சிக்னல் மட்டும் கேட்டுச்சு, ஒரு செய்தியும் கெடையாது, உயிரோட இருக்கேங்கிற நாடித்துடிப்பு மட்டும். அது போதும்னு கான்பெரால இருந்து இருக்கிற பவரையெல்லாம் போட்டு "பூமியப் பாத்துத் திரும்பு"னு கத்துனாங்க. அந்தக் கத்தல் அங்க போய்ச் சேர பதினெட்டரை மணி நேரம், அது கேட்டுச்சா இல்லையான்னு இங்க தெரிய இன்னொரு பதினெட்டரை மணி நேரம். 37 மணி நேரம் கழிச்சு ஆகஸ்ட் 4 அன்னைக்கு டேட்டா வந்துடுச்சு. அந்த வாரம் நீயும் வீடு மாத்துற அலைச்சல்ல போன் பண்ணல. நான் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாம அந்தப் பக்கத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னா, நான் பாத்த டெலிபோன் கேபிள் ஜாயின்ட் வேலைதான். நீ ரெண்டாவது படிக்கிறப்ப ஒரு ஐப்பசி மழைல மெயின் ரோட்டுக் குழிக்குள்ள 200 பேர் (பேர்னா ஒரு வீட்டு போனுக்குப் போற ஜோடிக் கம்பி) கேபிள் ஜாயின்ட்ல தண்ணி ஏறி ஒரு ஏரியா போனே செத்துப்போச்சு, ஞாபகம் இருக்கா, அன்னைக்கு நான் ராத்திரி வீட்டுக்கே வரல. குழித் தண்ணிய எறைச்சுட்டு, ஈயக் கவர வெட்டிப் பிரிச்சா உள்ள கம்பி மேல சுத்துன பேப்பர் எல்லாம் ஊறிப்போய் கெடக்கு. மெழுக உருக்கி சூட்டோட சூடா அது மேல ஊத்துவோம், ஈரம் புஸ்ஸு புஸ்ஸுன்னு நொரைச்சு வெளிய வரும், நொரை நிக்கிற வரைக்கும் ஊத்திட்டே இருக்கணும். சில பேர் தேறவே தேறாது. தேறாத பேர சரி பண்ண முடியாது, சும்மா கெடக்குற நல்ல பேர் எதுன்னு தேடி அந்த வீட்டு லைன அதுக்கு மாத்திக் கொடுக்கணும், கொடுத்துட்டு ரெஜிஸ்டர்லயும் மாத்தி எழுதணும், இல்லன்னா அடுத்தவன் வந்து முழிப்பான். விடியக்காலம் மூணு மணிக்கு டெஸ்ட் போனக் காதுல வச்சப்ப கொர்ர்ர்னு டயல் டோன் வந்துச்சு பாரு, அந்த சத்தத்த நான் இன்னும் மறக்கல.

இப்ப அதோட ஜோடி வாயேஜர் 1 கதையக் கேளு. 2023 நவம்பர்ல அது அனுப்புற டேட்டா திடீர்னு ஒரே ஒன்னும் பூஜ்யமுமா திரும்பத் திரும்ப வர ஆரம்பிச்சுது, ஒரு அர்த்தமும் இல்ல. கேரியர் வருது, பேச்சு இல்ல. அப்ப அது 2400 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருந்துச்சு, போக இருபத்திரெண்டரை மணி நேரம், வர இருபத்திரெண்டரை மணி நேரம். 1970கள்ல செஞ்ச கம்ப்யூட்டர், அதக் கட்டுனவங்கள்ல நெறைய பேர் இப்ப இல்ல, பழைய பேப்பர் டாக்குமென்ட்டத் தூசி தட்டிப் படிச்சுத்தான் வேலை பாத்தாங்க. (எங்க எக்ஸ்சேஞ்ச்லயும் பழைய கேபிள் போன ரூட் எல்லாம் ரிட்டயர் ஆகிப்போனவங்க கையால வரைஞ்சதுதான், அது இல்லாம ஒரு குழி தோண்ட முடியாது.) 2024 மார்ச் 1ஆம் தேதி, சும்மா ஒரு குத்து குத்திப் பாப்போம்னு ஒரு கட்டளை அனுப்புனாங்க. 3ஆம் தேதி வந்த பதில் மத்தது மாதிரி இல்லாம இருந்துச்சு. டிஷ் பக்கம் வேலை பாக்குற ஒரு இன்ஜினியர் அத ஒக்காந்து பிரிச்சுப் பாத்தா, அந்தக் கம்ப்யூட்டரோட மெமரி மொத்தமும் அதுல இருக்கு! அத வச்சு நல்லா இருந்தப்ப இருந்த மெமரியோட ஒப்பிட்டுப் பாத்து, 3 சதவீதம் கெட்டுப்போச்சு, ஒரே ஒரு சிப்தான் செத்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

சிப்ப மாத்த முடியுமா, யாரு போறது அங்க. அதுல இருந்த ப்ரோக்ராம வேற எடத்துக்கு மாத்தணும், ஆனா மொத்தமா வைக்கிற அளவுக்கு எங்கயும் எடம் இல்ல. அதனால துண்டு துண்டா வெட்டி, எங்கெங்க கொஞ்சம் எடம் இருக்கோ அங்கங்க செருகி, ஒரு துண்டு முடிஞ்சா அடுத்த துண்டு எங்க இருக்குன்னு எல்லாத்தையும் மாத்தி எழுதி, ஏப்ரல் 18ஆம் தேதி அனுப்புனாங்க. 20ஆம் தேதி பதில் வந்துச்சு, அஞ்சு மாசத்துக்கப்புறம் மொத தடவையா "என் உடம்பு இப்படி இருக்கு"னு அது சொல்லுச்சு. நல்ல பேர் தேடி லைன மாத்திக் கொடுக்குறதுதாம்மா இது! நான் பத்தடி ஆழக் குழில செஞ்சத அவங்க 2400 கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் செஞ்சிருக்காங்க. அந்த மேசையச் சுத்தி உக்காந்திருந்தவங்க கை தூக்கி சிரிக்கிற போட்டோ ஒண்ணு வந்துச்சு, அதப் பாத்து நான் அழுதுட்டேன். எட் ஸ்டோன்னு ஒரு விஞ்ஞானி, 1972ல இருந்து 2022 வரைக்கும் 50 வருஷம் இந்தத் திட்டத்துக்குத் தலைமை விஞ்ஞானியா இருந்தவர், அந்த ஜூன் மாசம் தவறிட்டார். போறதுக்கு முன்னாடி அது திரும்பப் பேசுனதக் கேட்டுட்டுப் போனாரேன்னு எனக்கு ஒரு நிம்மதி.

சரி, குட்டியோட கேள்விக்கு வர்றேன். அவன்கிட்ட மழுப்பாத, நெசத்தச் சொல்லு. வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் போகுது. 1977ல கெளம்புனது, 2012ல சூரியனோட காத்து வீசுற எல்லையத் தாண்டிடுச்சு, மனுஷன் செஞ்சதுல மொதல்ல தாண்டுனது அதுதான். 2026 நவம்பர் நடுவுல தான் அது ஒரு ஒளி நாள் தூரத்தத் தொடும், அதாவது வெளிச்சம் ஒரு நாள்ல போற தூரம், அதுக்கே 49 வருஷம். பக்கத்து நட்சத்திரம் ப்ராக்சிமா சென்டாரி 4.24 ஒளி ஆண்டு. இந்த வேகத்துல அந்த தூரம் போகணும்னா 75 ஆயிரம் வருஷம் கிட்ட ஆகும். இருக்குறதுலயே வேகமானது பார்க்கர்னு ஒரு கலம், 2024 டிசம்பர்ல சூரியனுக்குப் பக்கத்துல போறப்ப மணிக்கு 6 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர் போச்சு, அந்த வேகத்துலயே விடாம போனாலும் 6000 வருஷத்துக்கு மேல.

வேற வழி இல்லாம இல்ல. 2016ல ப்ரேக்த்ரூ ஸ்டார்ஷாட்னு ஒரு திட்டம் சொன்னாங்க, ஸ்டீபன் ஹாக்கிங்கும் மேடைல இருந்தார். ராக்கெட் வேண்டாம், சில கிராம் எடைல ஒரு சிப், அதுக்குக் கப்பல் பாய் மாதிரி விரிக்கிற ஒரு மெல்லிசுப் பாய், பூமில இருந்து லேசர் அடிச்சு அந்தப் பாயத் தள்ளுனா வெளிச்சத்தோட வேகத்துல அஞ்சுல ஒரு பங்கு போகும், 20 வருஷத்துல போயிடலாம்னு கணக்கு. லேசருக்கு 100 கிகாவாட் வேணும், சில நிமிஷத்துக்குத்தான், ஆனா கூடங்குளத்துல இருக்குற மாதிரி 1000 மெகாவாட் யூனிட் நூறு ஒரே நேரத்துல ஓடணும். பாய் அவ்வளவு வெளிச்சத்த வாங்கிக் கருகாம இருக்கணும், கிழியாம இருக்கணும், நேரா போகணும். அமெரிக்கால கால்டெக்ங்கிற யுனிவர்சிட்டில 2025ல, 50 நானோமீட்டர் கனத்துல ஒரு துளியூண்டு சிலிக்கான் நைட்ரைடு சவ்வ லேசர் எவ்வளவு தள்ளுதுன்னு அளந்து காட்டுனாங்க. இன்னைக்கு நெலமை அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரம் லேசா அசைஞ்சிருக்கு. எனக்கு அதுவே பெரிய விஷயமாப் படுது. ஆனா மனுஷன் போறதுன்னு கேட்டா, அவன் காலத்துல இல்லன்னு சொல்லிடு. ஏதாவது ஒரு சிப் போகலாம், போனாலும் "வந்துட்டேன்"னு அது சொல்ற வார்த்தை இங்க வர 4 வருஷம் ஆகும்.

இன்னொண்ணு அவனே கேட்டுருவான், அதான் முந்திக்கிறேன். வாயேஜர்ல தங்க முலாம் பூசுன இசைத்தட்டு ஒண்ணு வச்சு அனுப்புனாங்க, 55 மொழில வாழ்த்து இருக்கு. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு. தமிழ் இல்ல. மொதல்ல தெரிஞ்சப்ப எனக்கு மனசு ரொம்ப வலிச்சுது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பைரவி ராகத்துல பாடுனது அதுல இருக்கு, அதக் கேட்டா கொஞ்சம் ஆறும். அவன் அந்த டிஷ் முன்னாடி நின்னு "வணக்கம்"னு சத்தமா சொல்லட்டும், எனக்காக.

இப்ப அதுங்களுக்கு வயசாயிடுச்சு. கெளம்புறப்ப 470 வாட் கரண்ட் இருந்துச்சு, புளூட்டோனியம் சூட்டுல இருந்து வர்ற கரண்ட், வருஷத்துக்கு 4 வாட் கொறையுது. அதனால ஒவ்வொரு கருவியா அணைச்சுட்டு வர்றாங்க, 2025 பிப்ரவரில வாயேஜர் 1ல ஒண்ணு, மார்ச்ல வாயேஜர் 2ல ஒண்ணு. பேசுறதுக்கு இருக்குற டிரான்ஸ்மிட்டர் ஃப்ரிட்ஜுக்குள்ள எரியுற பல்பு அளவுதான், அத மட்டும் அணைக்க மாட்டாங்க. அதே வருஷம் உங்க டிஷ்ஷ பல மாசம் பராமரிப்புக்கு நிறுத்தப் போறாங்கன்னதும், அதுக்குள்ள முடிச்சுடணும்னு வாயேஜர் 1ல 2004ல இருந்து செத்துப்போச்சுன்னு விட்டு வச்சிருந்த த்ரஸ்டர, அதாவது கலத்தத் திருப்புற குட்டி ராக்கெட்ட, உசுப்பி ஓட வச்சுட்டாங்க. 20 வருஷமா செத்ததுன்னு எழுதி வச்சது!

நீ ஞாயித்துக்கிழம போன் பண்ண முடியலன்னா அடுத்த தடவ மொத வார்த்தையே சாரிப்பான்னு ஆரம்பிக்கிற. வேண்டாம்மா. உன் வேலை எனக்குத் தெரியும், நைட் டூட்டி முடிஞ்சு வந்து, அவனக் கெளப்பி, சமைச்சு, எங்க நேரம். நான் லைன்ல வேலை பாத்தவன், பதில் வர நேரமாகுறதுக்கும் லைன் செத்துப்போறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அவளுக்கு மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுரு.

அடுத்த லீவுக்கு மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. 43 தெக்குப் பக்கம் சாஞ்சிருந்தா அனேகமா வாயேஜர் 2 கூடத்தான் பேசிட்டு இருக்கும், எதுக்கும் அங்க இருக்குறவங்ககிட்ட கேட்டுக்கோ. நான் இங்க அந்தப் பக்கத்தத் தெறந்து வச்சிருப்பேன். போட்டோ எடுக்கிறப்ப குட்டிய மட்டும் நிக்க வைக்காம நீயும் நில்லு, போன தடவ நீ ஒண்ணுலயும் இல்ல.

அப்பா