39 பேருக்கும் ஒரு மடல்: மார்ச்சில் பேசுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பட்ஜெட் மீது நீங்கள் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். பிறகு வெளியாகும் அவை நடவடிக்கைக் குறிப்பையும் எடுத்து வாசிக்கிறேன். "பென்ஷன் வாங்குகிறவருக்கு வேறு வேலை இல்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். சரி, அது உண்மைதான்.

வாசிக்க வாசிக்க ஒரு வார்ப்பு பிடிபட்டுவிட்டது. கட்சியின் பலத்தை வைத்து நேரம் பிரிக்கிறார்கள். உங்களுக்கு வருவது சில நிமிடங்கள். அதில் வாய்ப்பளித்த தலைமைக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி, ஒரு குறள். (குறளை இப்போது நிதியமைச்சர்களே சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிட்டாலும் வள்ளுவர் கோபிக்க மாட்டார்.) அடுத்து மத்திய அரசு தமிழ்நாட்டை வஞ்சிக்கிறது என்ற பகுதி. அது நியாயமான பேச்சுதான், ஆனால் எல்லோரும் ஒரே சொற்களில் பேசுகிறீர்கள். அதற்குள் மணி அடித்துவிடும். "ஒரு நிமிடம் சார், முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே மேம்பாலம், ரயில் நிறுத்தம், மருத்துவமனை என்று மூச்சுவிடாமல் ஒரு பட்டியல். மைக் அடுத்தவருக்குப் போய்விடும்.

நேரம் கிடைக்காதவர்கள் உரையை எழுதி அவையில் வைத்துவிடுகிறார்கள். குறிப்பில் அது முழுதாக அச்சாகிறது. அவையில் வைக்கப்பட்டது என்று அடியில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். யாரும் கேட்காத பேச்சு அது. அமைச்சரும் கேட்கவில்லை. ஆனாலும் சில நல்ல உரைகளை நான் அங்கேதான் படித்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கேட்க வந்தது வேறு. பிப்ரவரியில் நடப்பது பொது விவாதம். அங்கே யாரும் எதையும் பேசலாம். ஒரு ரூபாய்கூட இடம் மாறாது. பணம் அமைச்சகம் அமைச்சகமாக வாக்கெடுப்புக்கு வருவது, கூட்டத்தொடரின் இடைவேளைக்குப் பிறகு மார்ச்சில் வரும் மானியக் கோரிக்கைகளில், அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் கட்டத்தில். அதில் வாக்களிக்கும் உரிமை மக்களவைக்கு மட்டும்தான். மாநிலங்களவை நண்பர்கள் அமைச்சகங்களின் செயல்பாட்டைப் பற்றிப் பேசலாம், கோரிக்கையில் கை வைக்க முடியாது. ஆக, அங்கே இருக்கும் நம் 18 பேருக்கு இல்லாத ஓர் ஆயுதம் உங்கள் 39 பேரிடம் இருக்கிறது.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டையொட்டி ஒரு 'பிங்க் புக்' வருகிறது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். தமிழ்நாட்டின் புதிய பாதைகள் சிலவற்றுக்கு எதிரே, சில ஆண்டுகளில், வெறும் 1,000 ரூபாய் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் போகவேண்டிய பாதையும் அதில் ஒன்று. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பாதையை அளக்கக்கூட ஆள் வரமாட்டார். திட்டம் சாகவில்லை என்று காட்டுவதற்காக, கணக்குத் தலைப்பை உயிரோடு வைத்திருக்கப் போடும் தொகை அது. பிப்ரவரியில் நீங்கள் இதைச் சொல்லிக் கொதித்தீர்கள், பத்திரிகைகளில் வந்தது. மார்ச்சில்?

வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறதே. ரயில்வே கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று அறிவிப்பு கொடுத்து, இந்தப் பாதையை இப்படிக் கிடப்பில் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டத்தான் குறைக்கச் சொல்கிறேன் என்று காரணம் எழுதலாம். ஆயிரம் ரூபாய்க்கு நூறு ரூபாயில் ஒரு பதிலடி. தீர்மானம் தோற்றுத்தான் போகும், எண்ணிக்கை அப்படி. ஆனால் குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட புகார் என்று உங்கள் பெயரில் அவைப் பதிவில் ஏறிவிடும்.

நேரம் முடிந்தது என்று மீதிக் கோரிக்கைகளை விவாதமில்லாமல் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் 'கில்லட்டின்' விழுந்தால் இதெல்லாம் போய்விடும் என்பீர்கள். விழுகிறதுதான். 2018 மார்ச்சில் எல்லா மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான கோரிக்கைகள் அமளிக்கு நடுவே சில நிமிடங்களில் முடிந்தன. ஆளுங்கட்சியும் கத்தியது, எதிரணியும் கத்தியது. முழக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அன்று கேட்கப்படாமல் போன கேள்விகளில் நம்முடையவையும் இருந்தன. மசோதாக்களின் கதை இன்னும் மோசம். 15ஆவது மக்களவையில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள், அவற்றை விரிவாக ஆராயும் நாடாளுமன்றக் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் (2019–24) அது 16 சதவீதம் என்கிறது நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் கணக்கு. குழுவுக்குப் போகாத மசோதாவை அவையில்தான் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை விவாதங்களில் கலந்துகொண்டார் என்ற எண்ணிக்கையை இப்போது போஸ்டரில்கூடப் போடுகிறார்கள். அந்த எண்ணை நம்பி நான் வாக்களிக்கப் போவதில்லை. பெரோஸ் காந்தி ஆரம்ப ஆண்டுகளில் அதிகம் பேசாத உறுப்பினர். 1957 டிசம்பர் 16 அன்று எழுந்து, எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளுக்கு எப்படிப் போனது என்று கேட்டார். ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மாமனார் நேரு பிரதமராக இருக்கும்போது. அதன் மீது நீதிபதி சாக்ளாவின் விசாரணை திறந்த அரங்கில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம்மூர்க்காரர் போனாரே என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது வேறு விஷயம்.

அவ்வளவு பெரிதாக நான் எதிர்பார்க்கவில்லை. 2024இல் 39 இடங்களையும் ஓரணிக்கே கொடுத்தோம். நீங்கள் 39 பேரும் அமைச்சகங்களை உங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று என்று வைத்தாலும் பெரும்பாலானவற்றுக்கு ஆள் இருக்கும். ஐந்து வருடமும் அதே அமைச்சகம். போன ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு ஆனது, கடைசியில் செலவானது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். உங்களுக்கு முன்னால் அந்த அவையில் இருந்த இரா.செழியன் அப்படிக் கணக்கைப் படித்துவிட்டுப் பேசியவர். அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவுக்கே தலைமை வகித்தவர்.

யாருக்கு எந்த அமைச்சகம் என்று முடிவானதும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். வரும் மார்ச்சில் குறிப்பை எடுக்கும்போது நான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்