கழுதைக்கு விலைப்பட்டியல்

கும்பகோணம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை, எனக்குச் சர்க்கரை, வழக்கம்போல. நீ கேட்டிருந்த மற்ற விஷயங்களுக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன். இப்போது அவசரம் வேறு: உன் சித்தப்பாவின் கழுதையை, அதான் நாம் கழுதை என்று கூப்பிடும் அந்தப் பழைய காரை, விற்கப் போகிறார்கள்.

உன் தம்பி பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மாட்டுக்கொட்டகையைக் காலி செய்து வாடகைக்கு விட வேண்டுமாம். காயலான் கடைக்காரர் வண்டியை மொத்தமாக எடைக்குக் கேட்டிருக்கிறார். சித்திக்கு மனசில்லை. "எது எது என்ன விலை போகும்னு நீயாவது பார்த்து எழுதிக் கொடுப்பா" என்று என்னைக் கூப்பிட்டார். நோட்டு, பேனா, ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போனேன். சிரிக்காதே, காந்தத்துக்கு வேலை இருந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. முன்பக்கம் வரைக்கும் அது உண்மை. மட்கார்டோடு சேர்ந்து மூஞ்சி மொத்தமும் முன்னால் கவிழ்கிறதே, அது போதும் அடையாளத்துக்கு. வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் மேஸ்திரி முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பீடி வாங்க விரட்டுவாரே, அதே டயர். அதற்குப் பின்னால் போகப்போகத்தான் வம்பு.

உன் தம்பி ஊரெல்லாம் "அப்பா அதில் சீமை எஞ்சின் போட்டிருந்தார், 1147 சிசி" என்று சொல்லி வைத்திருக்கிறான். நம் வண்டலூரில் செய்த ஹெரால்டு 948 சிசி. 1147 என்றால் விலை ஏறும் என்று அவனுக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். காந்தத்தை எஞ்சின் ஹெட்டில் வைத்தேன். ஒட்டாமல் நழுவி விழுந்தது. ஹெரால்டு ஹெட் வார்ப்பிரும்பு, இது அலுமினியம். அப்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் உன் தம்பி விடவில்லை. பட்டறைப் பையனை வைத்து ஹெட்டைக் கழற்றி அளந்தோம். 1147-க்கு சிலிண்டர் வாய் 69.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருந்தது 68-ஐ ஒட்டி. ஃபியட்டின் 1089 சிசி, அதாவது நம்ம பத்மினி கார் எஞ்சின். ஒரு மில்லி சொச்சத்தில் உன் தம்பி முகம் தொங்கிப்போச்சு.

அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். ஹெரால்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), சக்கரம் தனித்தனியாக ஆடும். வேகமாகத் திருப்பினால் உள்பக்கமாக மடியும். அது நம் ஊர்க்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்காமல், 1972-இல் அடுத்த மாடலான கெஸல் வந்தபோது கம்பெனியே அதைத் தூக்கிவிட்டு ஒரே கட்டை ஆக்ஸில் போட்டது. மேஸ்திரி எங்கிருந்தோ ஒரு கெஸல் ஆக்ஸிலைப் பிடித்துவந்து இந்தச் சேஸிஸில் உட்கார வைத்திருக்கிறார். அந்த பிராக்கெட்டுகளில் வெல்டிங் மணி மணியாக, ஒரு இடத்தில்கூடப் பிசிறு இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

மீதி எல்லாம் கூத்து. டெயில் லாம்ப் அம்பாசடர். டேஷ்போர்டு உங்கள் வீட்டு ஊஞ்சல் பலகை. இடது கதவுக்குப் பீரோ கைப்பிடி. கூரை? உன் ஜானவாசத்துக்காகச் சித்தப்பா போல்ட்டைக் கழற்றி இறக்கினாரே, அது இன்றைக்கும் கோழிக்கூண்டு மேல் கிடக்கிறது, நெளியாமல். அப்படிக் கழற்ற முடிந்ததற்கும் நீ இப்போது இருக்கிற இங்கிலாந்துக்காரர்கள்தான் காரணம். பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரன் வாங்கிவிட்டதால், ஹெரால்டை முதலில் அங்கே செய்த டிரையம்ஃப்காரர்கள் பல இடத்தில் துண்டு துண்டாகச் செய்து வாங்கி, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கோவென்ட்ரியில் அவர்கள் பட்ட கஷ்டம், கும்பகோணத்தில் நீ திறந்த காரில் போனாய். தேரடி முக்கில் நின்றுபோய் நாங்கள் தள்ளினது தனிக் கதை.

சரி, விலை. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் விற்கிற தெரிந்தவரிடம் போனில் கேட்டேன். முன்மூடிக்கு 25,000 வரை, முன்கண்ணாடிக்கு 8,000, பத்மினி எஞ்சினுக்கு ஓடுகிற நிலையைப் பொறுத்து என்றார். பிரித்து விற்றால் எடைக்குப் போவதைப் போல இரண்டு மடங்கு தேறும். முழுசாகப் பழைய கார்ப் பிரியர்களிடம் போனால் அவர்கள் தொடமாட்டார்கள். 2021-இல் மத்திய அரசு 50 வயசு தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' வரிசையில் தனிப் பதிவு கொண்டுவந்ததே, அதற்கு சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. நம் கழுதையில் கை வைக்காத இடம் எது?

நோட்டை சித்தியிடம் நீட்டினேன். கூட்டித் தொகையைப் பார்த்துவிட்டு, "கடைசியா செஞ்ச வேலைக்கு மேஸ்திரிக்குக் கூலி பாக்கி இருக்குப்பா. அவர் பொண்ணுக்குக் கொடுக்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆக்ஸில் வேலைக்குத்தான் பாக்கி, மாப்ளே. சித்தப்பா நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? உன் தம்பிக்கும் தெரியாது.

அதனால் என் யோசனை இதுதான். மன்னார்குடியில் கல்யாணத்துக்குக் கார் விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அசல் நகல் கவலை இல்லை. திறந்த கார் வேண்டும், சந்நிதித் தெருவில் ஒரே வளைப்பில் திரும்ப வேண்டும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அவர் முழுசாகவே எடுத்துக்கொள்ளத் தயார், பிரித்து விற்பதைவிட நல்ல விலைக்கு. எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவது அவர் பாடு. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: முன் சக்கரத்து ட்ரனியன்கள், அதாவது சக்கரத்தைத் திரும்ப விடுகிற அடி மூட்டுகள், புதுசாக வேண்டும். பழையது ஆடுகிறது, அறுந்தால் சக்கரம் மடிந்து படுத்துவிடும். மேஸ்திரி போன பிறகு எவனோ அதில் கிரீஸ் அடித்திருக்கிறான். 90 கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று அவர் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

அது உங்கள் ஊரில் இன்னும் புதுசாகக் கிடைக்கிறது. வாங்கி அனுப்பு. உன் தம்பியிடமும் நீயே பேசு, என் பேச்சு எடுபடாது. தை பிறந்ததும் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும், மன்னார்குடிக்காரர் அதற்குள் வண்டியைக் கேட்கிறார். ட்ரனியனில் இடது வேறு, வலது வேறு. மரை எதிரெதிராக ஓடும். பார்த்து வாங்கு. இரண்டும் இடதாக வாங்கி அனுப்பினால், உன் கல்யாணச் செருப்புக் கதையை உன் பிள்ளைகளிடம் நானே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உன் ஒல்லி